வானத்தில் இடம் உண்டு, மனத்தில்?

சாங்கியிலிருந்து கோலாலம்பூருக்கு வானில் பறக்கும் நேரம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஆனால் கதவைச் சாத்திவிட்டுத் தரையிலேயே அரை மணி நேரம் நிற்கும் நாள்களும் உண்டு. “கட்டுப்பாட்டு மையத்தின் அனுமதிக்காகக் காத்திருக்கிறோம்” என்று விமானி அறிவிப்பார். சன்னல் வழியே பார்த்தால் வானம் வெறிச்சோடிக் கிடக்கும். “இவ்வளவு பெரிய வானத்தில் நமக்கு இடமில்லையாம்!” என்று பக்கத்து இருக்கைக்காரர் சலித்துக்கொள்வார்.

கணக்குப்படி பார்த்தால் அவர் சொல்வது சரிதான். ரேடார் கண்காணிப்பில் ஒரே உயரத்தில் பறக்கும் இரு விமானங்களுக்கு இடையே பொதுவாக 5 கடல் மைல், அதாவது சுமார் 9 கிலோமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அல்லது ஒன்றுக்கு மேல் ஒன்றாக 1,000 அடி, சுமார் 300 மீட்டர். நூறு கிலோமீட்டர் நீளமும் நூறு கிலோமீட்டர் அகலமும் உள்ள ஒரு வான்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 29,000 அடியிலிருந்து 41,000 அடி வரை 13 அடுக்குகள். இந்த இடைவெளிகளை விட்டு விமானங்களை அடுக்கினால் ஆயிரத்துக்கு மேல் கொள்ளும். விமானம் நின்றுகொண்டிருக்கும் பொருள் அல்ல என்பது உண்மைதான். அதற்காகப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் நூறுக்கு மேல் வரவேண்டும். நடைமுறையில் அப்படிப்பட்ட பகுதியில் ஒரே நேரத்தில் இருக்கும் விமானங்கள் பத்து, பதினைந்து, மிஞ்சினால் இருபது.

மீதி இடம் எங்கே போயிற்று? அது வானத்தில் தொலையவில்லை. திரைக்கு முன்னால் ஒலிவாங்கி மாட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் எத்தனை விமானங்களை மனத்தில் வைத்திருக்க முடியுமோ அத்தனைதான் அந்த வான்பகுதியின் கொள்ளளவு. ஓடுபாதை, வானிலை, இராணுவப் பகுதி என்று வேறு தடைகளும் உண்டு. ஆனால் பரபரப்பான பாதைகளில் பெரும்பாலும் முதலில் நிரம்புவது அந்த மனிதரின் மனம்தான்.

வேலை நடக்கும் விதத்தை முதலில் பார்த்துவிடுவோம். வான்பரப்பைத் துண்டு துண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் வழக்கமாக இருவர். ஒருவர் விமானிகளுடன் வானொலியில் பேசுபவர். இன்னொருவர் பக்கத்துப் பகுதிகளோடு ஒருங்கிணைப்பவர். எந்த விமானம் எந்த உயரத்தில் உள்ளே வரும், எங்கே வெளியே போகும் என்று முன்கூட்டியே பேசி முடிப்பார். கூட்டம் குறைந்த நேரத்தில் இரண்டு துண்டுகளை ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள், கூடினால் மறுபடி பிரிப்பார்கள்.

இந்தத் தொழிலில் உள்ளவர்கள் “படம்” என்று ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ரேடார் திரையில் தெரியும் படம் அல்ல, மனத்தில் ஓடும் படம். இந்த விமானம் இன்னும் நான்கு நிமிடத்தில் எங்கே இருக்கும், அந்தச் சரக்கு விமானம் மெதுவாக ஏறுமே, அதற்குள் இது தாண்டிவிடுமா என்று எப்போதும் சில நிமிடங்கள் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் படம். அது கைவிட்டுப் போவதுதான் அவர்களுடைய பெரிய அச்சம். திரையில் எல்லாப் புள்ளிகளும் அப்படியே இருக்கும். எது எங்கே போகிறது என்பது மட்டும் புரியாது.

ஒரே நேரத்தில் நினைவில் வைக்கக்கூடியவை ஏழு, கூடக்குறைய இரண்டு என்று அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956ல் எழுதினார். பிறகு பதினைந்து விமானங்களை எப்படிச் சமாளிக்கிறார்கள்? கொத்தாகச் சேர்த்துத்தான். ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வரும் நான்கு விமானங்கள் அவர்களுக்கு நான்கல்ல, ஒரு வரிசை. யாருக்கும் குறுக்கே வராத விமானம் மனத்தின் ஓரத்தில் கிடக்கும். தொலைபேசி எண்ணை நாம் நான்கு நான்கு இலக்கமாக நினைவில் வைப்பதைப் போலத்தான் இதுவும்.

அதனால்தான் விமானங்களை எண்ணி வேலைப்பளுவைச் சொல்லிவிட முடியாது. ஒரே பாதையில், ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் போகும் பதினைந்து விமானங்கள் ஒரு தேநீர் குடிக்கும் அளவுக்கு ஓய்வு தரும். ஏறுவதும் இறங்குவதும் குறுக்கிடுவதுமாக எட்டு விமானங்கள் வந்தால் வியர்க்க வைக்கும். நம் வட்டாரம் இரண்டாவது வகை. சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே 2018ல் மட்டும் 30,000க்கும் மேற்பட்ட விமானச் சேவைகள். அப்போது உலகிலேயே மிகப் பரபரப்பான அனைத்துலக வழித்தடம் அதுதான். இவ்வளவு குறுகிய தூரத்தில் விமானம் ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். நடுவில் ஜகார்த்தா, பேங்காக், இந்தியா, ஆஸ்திரேலியா என்று போகிறவை வேறு.

இதோடு மழையும் சேர்ந்தால்? சுமத்ராவிலிருந்து கிளம்பி, விடியும் நேரத்தில் மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் இடிமழை வரிசையை இங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நாம் குடையைத் தேடும் அந்த நேரத்தில் ஒவ்வொரு விமானியும் “இடப்பக்கம் இருபது மைல் விலகலாமா?” என்று கேட்பார். விமானங்களின் எண்ணிக்கை அதேதான். ஆனால் வழக்கமான பாதைகள் எல்லாம் கலைந்துவிட்டன. கொத்தாக இருந்தவை தனித்தனியாகிவிட்டன. எல்லாரும் ஒரே அலைவரிசையில் பேச வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டுமே கேட்காது. “திரும்பச் சொல்லுங்கள்” என்பதற்கே நேரம் போகும்.

ஆனாலும் எங்கோ ஒரு எண்ணை எழுதித்தானே ஆக வேண்டும்? அமெரிக்காவில் பல காலம் எளிய வாய்ப்பாடு ஒன்று இருந்தது. ஒரு விமானம் அந்தப் பகுதியைக் கடக்கச் சராசரியாக எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று பார்ப்பது. மூன்று நிமிடம் என்றால் 5 விமானங்கள், ஆறு நிமிடம் என்றால் 10, பன்னிரண்டும் அதற்கு மேலும் என்றால் 18. அதைத் தாண்டப்போகிறது என்றால் மேற்பார்வையாளருக்கு எச்சரிக்கை வரும். உள்ளூர் நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், குறுக்கிடும் பாதைகளைப் பற்றி அந்த வாய்ப்பாட்டுக்கு ஒன்றும் தெரியாது.

ஐரோப்பாவின் யூரோகண்ட்ரோல் அமைப்பு வேறு வழியில் போனது. ஒரு விமானத்தை வரவேற்றுப் பேச இத்தனை வினாடி, உயரம் மாற்ற இத்தனை, மோதல் அபாயத்தைக் கவனித்துத் தீர்க்க இத்தனை, பக்கத்துப் பகுதியிடம் ஒப்படைக்க இத்தனை என்று ஒவ்வொரு வேலைக்கும் நேரம் குறித்தார்கள். ஒரு முழு நாளின் விமானங்களைக் கணினியில் ஓட்டி அந்த வினாடிகளைக் கூட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் அது 42 நிமிடத்தைத் தொட்டால் அளவு மீறியது என்று முடிவு. அறுபதில் நாற்பத்திரண்டு, அதாவது 70 விழுக்காடு.

மீதி 18 நிமிடம் சும்மா இருப்பதற்கா என்று ஒரு நிர்வாகி கேட்கலாம். கடிகாரம் வைத்து அளக்க முடியாத வேலைகள் அந்த 18 நிமிடத்தில்தான் நடக்கின்றன. திரையை வெறுமனே சுற்றிப் பார்ப்பது, இப்போது சொன்னதை விமானி உண்மையிலேயே செய்கிறாரா என்று கவனிப்பது, அடுத்த பத்து நிமிடத்தை யோசிப்பது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மனத்தைத் திருப்புவது. அலுவலகத்தில் எட்டு மணி நேரமும் கூட்டங்களாக நிரப்பிவிட்டு “வேலை எப்போது செய்வது?” என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

வினாடிகளைக் கூட்டுவது வெளியிலிருந்து பார்க்கும் அளவு. உள்ளே எப்படி இருக்கிறது என்பதை அறிய, அந்த மனிதரையே கேட்கும் முறைகள் உண்டு. நாசாவின் சாண்ட்ரா ஹார்ட்டும் லோவெல் ஸ்டேவ்லண்டும் 1988ல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் எங்கும் பயன்படுகிறது. மனச்சுமை, உடல்சுமை, நேர நெருக்கடி, வேலை எப்படி முடிந்தது, எவ்வளவு முயற்சி, எவ்வளவு எரிச்சல் என்று ஆறு கேள்விகள். ஆனால் அது வேலை முடிந்த பிறகு நிரப்புவது. பயிற்சிக் கூடங்களில் வேலையின் நடுவிலேயே கேட்கும் முறையும் இருக்கிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை விளக்கு எரியும். ஐந்து பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். ஒன்று என்றால் வேலையே இல்லை. ஐந்து என்றால் தாங்கவில்லை.

இங்கேதான் சிக்கல். தாங்க முடியாத நிலையில் இருப்பவருக்குப் பொத்தானை அழுத்த ஏது நேரம்? விளக்கு எரிந்தும் பதில் வராததே ஒரு பதில்தான் என்று ஆய்வாளர்கள் அதையும் குறித்துக்கொள்வதுண்டு. இன்னொரு சிக்கல் தன்மானம். பத்து ஆண்டு அனுபவம் உள்ளவர், சக ஊழியர்கள் பார்க்க, ஐந்தாம் பொத்தானை எளிதில் தொடமாட்டார்.

அதனால் உடலைக் கேட்கப் போனார்கள். டேனியல் கானமன் (பின்னாளில் பொருளியல் நோபல் பெற்றவர்) 1966ல் ஜாக்சன் பீட்டியுடன் சேர்ந்து ஒரு சோதனை செய்தார். எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி நினைவில் வைக்கச் சொன்னபோது, ஒவ்வொரு எண்ணுக்கும் கண்ணின் பாவை விரிந்துகொண்டே போனது. திருப்பிச் சொல்லி முடிக்க முடிக்கச் சுருங்கியது. மனத்தில் சுமை ஏறுவதும் இறங்குவதும் கண்ணில் தெரிந்தது! இன்று பாவையோடு கண் இமைக்கும் வேகம், இதயத் துடிப்புகளுக்கு இடையிலான நேர வேறுபாடு, மூளை அலைகள் எல்லாவற்றையும் அளக்கிறார்கள். மனம் கடுமையாக உழைக்கும்போது நெற்றிப் பகுதியில் தீட்டா அலைகள் கூடும், பின்பகுதியில் ஆல்ஃபா அலைகள் குறையும். நம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இத்தகைய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. தலையில் உணர்கருவிகளைப் பொருத்தி, மாதிரிக் கட்டுப்பாட்டுத் திரையின் முன் உட்காரவைத்து, புதிய கருவி சுமையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்று பார்த்தார்கள்.

புதிய திரையைச் சோதிக்கவும் ஒரு பகுதியின் கொள்ளளவைத் தீர்மானிக்கவும் இது அருமையான வழி. ஆனால் நாளை இதே கருவி தினசரி வேலையில் தலையில் ஏறி, அதன் பதிவு மேலாளரின் மேசைக்குப் போனால் கதை வேறு. “உங்கள் மூளை மற்றவர்களைவிட அதிகம் திணறுகிறதே” என்று ஆண்டு மதிப்பீட்டில் கேட்கப்படும் என்று தெரிந்தால், அடுத்த நாளே அத்தனை பேரும் அமைதியாகத் தோன்றுவது எப்படி என்று கற்றுக்கொள்வார்கள். அப்போது பொத்தானும் பொய் சொல்லும், கருவியும் பொய் சொல்லும். அளப்பது வான்பகுதியை அளப்பதற்காக இருக்க வேண்டும், ஆளைத் தரம் பிரிப்பதற்காக அல்ல என்பது என் கருத்து. இதை ஒப்பந்தத்தில் எழுதிவைத்த பிறகுதான் கருவியை வாங்க வேண்டும்.

இதைவிடப் பெரிய புதிர் ஒன்று உண்டு. பிரெஞ்சு உளவியலாளர் ஜான் குளோத் ஸ்பெராந்தியோ 1970களில் பாரிஸ் ஓர்லி விமான நிலையத்துக்கு வரும் விமானங்களைக் கையாண்டவர்களை ஆராய்ந்தார். விமானங்கள் சில மட்டும் இருந்தபோது அவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கவனித்தார்கள். அதன் வேகம், வகை எல்லாம் பார்த்து அதற்கு ஏற்ற குறுக்கு வழி கொடுத்தார்கள். கூட்டம் ஏறியதும் தாமாகவே முறையை மாற்றினார்கள். எல்லாருக்கும் ஒரே பாதை, ஒரே வேகம், வேண்டுமானால் வட்டமடித்துக் காத்திரு. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டுப் பரிமாறுபவர், ஐந்தாவது பந்தியில் எல்லா இலையிலும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டே போவதைப் போல.

இதன் பொருள், விமானங்கள் கூடும்போது சுமை அதே அளவில் கூடுவதில்லை. மனிதர் சேவையைக் குறைத்துத் தன் சுமையைச் சமன் செய்துகொள்கிறார். கருவியில் எல்லாம் சீராகவே தெரியும். நாம் பத்து நிமிடம் கூடுதலாகச் சுற்றுவோம், எரிபொருள் கொஞ்சம் வீணாகும், அவ்வளவுதான். ஆனால் குறைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்ற இடம் வரும். அதற்குப் பிறகு சரிவு மெதுவாக இருக்காது. அந்த இடம் எத்தனை விமானத்தில் வரும் என்பது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். தூக்கம் கெட்ட இரவுப் பணியில் இன்னும் முன்னதாகவே வரும். எழுதிவைத்திருக்கும் கொள்ளளவு அதற்குச் சற்று இந்தப் பக்கமே நிற்க வேண்டியிருக்கிறது.

எண்ணிக்கை குறைவு என்றால் ஆபத்து குறைவு என்றும் நினைத்துவிடக் கூடாது. 2002 ஜூலை 1ஆம் தேதி இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே நடந்ததைப் பாருங்கள். அந்த வான்பகுதியைச் சுவிட்சர்லாந்தின் சூரிக் மையம் கவனித்துக்கொண்டிருந்தது. இரவு நேரம், விமானங்கள் குறைவு. இருந்த இருவரில் ஒருவர் ஓய்வறைக்குப் போயிருந்தார். அது அங்கே நிர்வாகம் அறிந்தே நடந்துவந்த வழக்கம். இருந்த ஒருவர் இரண்டு திரைகளை, இரண்டு அலைவரிசைகளைக் கவனிக்க வேண்டியிருந்தது. பராமரிப்புப் பணிக்காக முக்கியத் தொலைபேசி இணைப்பை நிறுத்தியிருந்தார்கள், மோதல் எச்சரிக்கை முறையும் முழுதாக வேலை செய்யவில்லை. தாமதமாக வந்த ஒரு விமானத்தைப் பக்கத்து ஊரில் தரையிறக்க அவர் தொலைபேசியில் மீண்டும் மீண்டும் முயன்றார். மாற்று இணைப்பும் பழுது. கார்ல்ஸ்ரூஹே நகர மையத்தில் இருந்தவர்கள் ஆபத்தைத் திரையில் பார்த்துவிட்டு அவரை அழைத்தார்கள். கிடைக்கவில்லை.

இதற்கிடையே 36,000 அடியில் இரண்டு விமானங்கள் ஒன்றை ஒன்று நோக்கி வந்துகொண்டிருந்தன. கவனித்ததும் அவர் ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். அந்த விமானத்தின் தானியங்கி எச்சரிக்கைக் கருவியோ ஏறச் சொன்னது. விமானிகள் மனிதக் குரலைக் கேட்டு இறங்கினார்கள். எதிரே வந்த சரக்கு விமானமும் தன் கருவி சொன்னபடி இறங்கியது. 71 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் விடுமுறைக்குப் போய்க்கொண்டிருந்த பள்ளிப் பிள்ளைகள். அந்தக் கட்டுப்பாட்டு அதிகாரியை, குடும்பத்தை இழந்த ஒரு தந்தை 2004ல் குத்திக் கொன்றார். 2007ல் சுவிஸ் நீதிமன்றம் குற்றவாளிகளாகக் கண்டது அந்தச் சேவை நிறுவனத்தின் நிர்வாகப் பொறுப்பில் இருந்த நால்வரை. எண்ணிப் பார்த்தால் அன்றிரவு அவரிடம் இருந்தவை ஒரு சில விமானங்கள்தான். எந்த வாய்ப்பாடும் மணி அடித்திருக்காது.

சரி, ஆளைக் கூட்டினால் தீர்ந்துவிடாதா? ஓரளவுக்குத்தான். ஒரு பகுதியை இரண்டாகப் பிரித்தால் இன்னும் இருவர் உட்காரலாம். ஆனால் இப்போது ஒவ்வொரு விமானத்தையும் நடுக்கோட்டில் ஒருவர் இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். முன்பு இல்லாத வேலை அது. மறுபடி பிரித்தால் விமானம் ஓரிரு நிமிடத்தில் பகுதியையே கடந்துவிடும். வரவேற்பதும் வழியனுப்புவதுமே வேலையாகிவிடும். முன்னால் யோசிக்க இடமே இருக்காது. சிறுதுண்டுகளாகப் பிரிக்கும் பாதை ஓர் இடத்தில் முட்டி நின்றுவிடுகிறது.

கருவிகள் உதவுகின்றன. பிரிட்டனின் சுவான்விக் மையத்தில் 2011ல் காகிதச் சீட்டுகளுக்கு விடைகொடுத்து, சில நிமிடங்கள் முன்னால் பார்த்து மோதலைக் கணிக்கும் ஐஃபாக்ட்ஸ் முறையைக் கொண்டுவந்தார்கள். விமானியுடன் குரலுக்குப் பதில் குறுஞ்செய்தி போல எழுத்தில் பேசும் வசதியும் பரவிவருகிறது. படத்தின் ஒரு பகுதியைக் கணினி சுமந்தால் மனிதர் இன்னும் சில விமானங்களை ஏற்கலாம். அப்படி ஏற்ற பிறகு கணினி நின்றால்? 2025 ஏப்ரல் 28ஆம் தேதி, நியூயார்க் பக்கத்து நியூவர்க் விமான நிலையத்துக்கு வரும் விமானங்களைக் கவனிக்கும் அறையில் சுமார் 90 வினாடிகள் ரேடாரும் வானொலியும் போய்விட்டன. விபத்து எதுவும் இல்லை. ஆனால் அங்கிருந்தவர்களில் சிலர் மன அதிர்ச்சிக்காக விடுப்பில் போனார்கள். ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை வேறு. ஓடுபாதைப் பணி நடக்காத நாள்களிலும் மணிக்கு 34 இறக்கம், 34 ஏற்றம் என்று அமெரிக்க விமானத்துறை வரம்பு போட்டது. அதே ஆண்டு அரசாங்க முடக்கத்தின்போது சம்பளமின்றி வேலைபார்த்த கட்டுப்பாட்டு அதிகாரிகள் களைத்துப்போக, நவம்பர் 7 முதல் 40 பெரிய விமான நிலையங்களில் சேவைகளைக் குறைக்கும்படி உத்தரவு வந்தது. முதலில் 4 விழுக்காடு. விமானங்கள் இருந்தன, ஓடுபாதைகள் இருந்தன, வானமும் இருந்தது.

நம் பக்கத்தில் இப்போது சாங்கியின் ஐந்தாம் முனையத்துக்கான வேலை நடக்கிறது, மூன்றாவது ஓடுபாதையும் சேர்கிறது. கூடுதல் விமானங்களுக்கான பாதைகளைத் தாளில் வரைந்துவிடலாம். அவற்றை மாதிரித் திரையில் ஓட்டி, எந்த எண்ணிக்கையில் படம் கலையத் தொடங்குகிறது என்று பார்த்துத்தான் கொள்ளளவை எழுத வேண்டும். அந்தத் திரையின் முன் உட்காரப்போகிறவர்களை வெளியிலிருந்து அவசரத்துக்கு வாங்கிவிடவும் முடியாது. வேறொரு நாட்டில் இருபது ஆண்டு அனுபவம் பெற்றவராக இருந்தாலும், இங்கே ஒரு பகுதியில் தனியாகப் பேச, அந்தப் பகுதிக்கென்றே பயிற்சி எடுத்துத் தேற வேண்டும். அதுவரை பயிற்றுநர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அதே ஒலிவாங்கி இணைப்பில், எந்த வினாடியும் குறுக்கிடத் தயாராக இருப்பார்.